காலங்காத்தால ஃபிளைட், அம்மாவுக்கு காபி இல்லாம ஓடாது: சென்னை ஏர்போர்ட்ல எங்க, எப்போ குடிக்கிறது?

வில்லிவாக்கத்தான்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் அம்மாவ கூட்டிட்டு கொல்கத்தா போறேன், அண்ணன் அங்க வேலைல இருக்கான், குழந்தை பொறந்திருக்கு. ஃபிளைட் காலைல 6:10. அம்மாவுக்கு இதுதான் மொத தடவ, வயசு 67, சுகர் வேற இருக்கு, அதனால வெறும் வயித்தோட ரொம்ப நேரம் விட முடியாது. இன்னொரு பக்கம் எந்திரிச்சதும் ஒரு காபி உள்ள போகலன்னா அவங்களுக்கு தலைவலி வந்துடும், அவங்களுக்கு வந்தா அன்னிக்கு பூரா எங்க எல்லாருக்கும் தலைவலிதான்.

வீட்லயே குடிச்சிட்டு கிளம்பலாம்னா 2:30 மணிக்கு குடிக்கணும், "அர்த்த ராத்திரில எவனாவது காபி குடிப்பானாடா"ன்னு கேக்குறாங்க. சரி உள்ள போய் வாங்கித் தரலாம்னா செக்யூரிட்டிக்கு முன்னாடி வாங்கணுமா பின்னாடியா, குடிக்க நேரம் இருக்குமா, இட்லி கட்டி எடுத்துட்டு போனா விடுவாங்களா, எதுவும் எனக்கு சரியா தெரியல. போன வருஷம் ஆபீஸ் வேலையா போனப்ப ஒரு கடைல காபியும் ஒரு பஃப்ஸும் வாங்கினேன், 400 ரூபாய்க்கு மேல பில்லு வந்துச்சு. அம்மா அந்த பில்ல பாத்தாங்கன்னா ஃபிளைட்டே வேணாம்னு திரும்பி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு போயிடுவாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நங்கநல்லூர் மாமி

தம்பி, மொதல்ல டிக்கெட்ட எடுத்து டெர்மினல் எதுன்னு பாருங்க. சென்னைல உள்நாட்டு ஃபிளைட் டி1, டி4 ரெண்டு எடத்துலேர்ந்தும் போகுது. ரெண்டும் ஒட்டினாப்ல இல்ல, தப்பா எறங்கிட்டா அம்மாவையும் பெட்டியையும் இழுத்துண்டு நடக்கணும். எங்காத்துக்காரர் ஒரு தடவ பழக்க தோஷத்துல டி1ல எறங்கிட்டு என்ன திட்டினார், நான் என்ன பண்ணேன்னு இன்னிவரைக்கும் தெரியல.

அப்புறம் நேரத்த பின்னாலேர்ந்து எண்ணிண்டு வாங்கோ. 6:10 ஃபிளைட்னா கேட் 5:45க்கு மூடிடுவா (பொதுவா 25 நிமிஷம் முன்னாடி, போர்டிங் பாஸ்ல போட்டிருக்கும்). பெட்டி போடறதா இருந்தா அந்த கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே, அதாவது 5:10க்கே க்ளோஸ். அதனால 4 மணிக்கு வாசல்ல நின்னாத்தான் நிம்மதி. அந்த நேரத்துல மெட்ரோ கிடையாது, 5 மணிக்கு மேலதான் மொத வண்டி, கார்தான் பிடிக்கணும்.

காபி எப்போன்னா, எல்லாம் முடிஞ்சப்பறம் தான். பெட்டி போட்டு, செக்யூரிட்டி தாண்டி, உங்க கேட் எதுன்னு கண்ணால ஒரு தடவ பாத்துட்டு, அப்புறமா பக்கத்துல இருக்கற கடைல வாங்குங்கோ. முன்னாடியே வாங்கிண்டா கைல சூடா கப்ப வெச்சுண்டு க்யூல நிக்கணும், பெல்ட்ல பைய வெக்கறச்சே கப்ப என்ன பண்ணுவேள்? கடகடன்னு ஊத்திக்கணும், நாக்கு வெந்துடும். செக்யூரிட்டிக்கு அப்புறம்னா உக்காந்து நிதானமா குடிக்கலாம்.

சாப்பாடு வீட்லேர்ந்து எடுத்துண்டு போங்கோ, தாராளமா விடுவா. இட்லி, சப்பாத்தி, ரொட்டி இதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டா. ரெண்டு இட்லிய மொளகாப்பொடி எண்ணெய் தடவி வாழையிலைல கட்டிண்டா போறும். சாம்பார் சட்னி வேணாம், ஊத்தினா கைப்பை பூரா வாசனை. சுகர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு டாக்டர்ட்ட கேட்டுண்டு, அன்னிக்கு எந்த நேரத்துல போடணும்னும் கேட்டுடுங்கோ, ஏன்னா அம்மா வழக்கமா 8 மணிக்கு சாப்பிடறவாளா இருப்பா, இங்க 4:45க்கே சாப்பிடப் போறா. மாத்திரை கைப்பைல இருக்கட்டும், பெட்டில போட்டுடாதீங்கோ. இன்சுலின்னா டாக்டர் சீட்டோட.

டிகாக்ஷன் தாசன்

மாமி சொன்னதுல எல்லாம் சரி, ஒரே ஒரு விஷயம் மட்டும் சேத்துக்குறேன், சர்க்கரை. அம்மாவுக்கு சுகர்னு சொன்னீங்க. ஏர்போர்ட்ல பட்டன் அமுக்குனா வர்ற மெஷின் காபி நிறைய எடத்துல பிரீமிக்ஸ், அதுல பால்பவுடரோட சர்க்கரையும் ஏற்கெனவே கலந்திருக்கும், "சர்க்கரை வேணாம்"னு நீங்க சொன்னா அந்தப் பையன் தனியா பாக்கெட் தரமாட்டான், அவ்ளோதான், உள்ள இருக்கிறது இருக்கும். அதனால "ஏற்கெனவே கலந்ததா இல்ல தனியா போடுவீங்களா"ன்னு கேட்டுட்டு காசு குடுங்க. டிகாக்ஷன் வேற பால் வேறன்னு கண்ணெதிர கலக்குற கடையா இருந்தா உத்தமம். அந்த இத்தாலி பேர் வெச்ச காபிங்கள்ல, சும்மா கருப்பா இருக்கிறதும் கப்பச்சினோவும் சர்க்கரை இல்லாமத்தான் வரும், ஃபிளேவர் போட்டதுன்னா மட்டும் சிரப் இருக்கும். ஆனா உங்க அம்மா அந்த நுரைய பாத்துட்டு "இதுல காபி எங்கடா"ன்னு கேப்பாங்க, எங்க அம்மா கேட்டாங்க.

சின்ன சைஸ் கேளுங்க. சும்மா "ஒரு காபி"ன்னா பெருசாத்தான் போடுவாங்க, அத குடிச்சு முடிக்கவும் முடியாது, குடிச்சா ஃபிளைட் ஏறினதும் சீட் பெல்ட் லைட் எரியும்போது பாத்ரூம் போகணும்பாங்க. சீட்ட நடைபாதை ஓரமா போட்டிருக்கீங்களா?

அப்புறம் "உள்ளயே குடிச்சிக்கலாம்"னு விமானத்த நம்பாதீங்க. பறக்கும்போது உள்ள இருக்கிற காத்தழுத்தம் கிட்டத்தட்ட நாம ஊட்டில நிக்கிற மாதிரி, அதிகபட்சம் 8000 அடி உயரக் கணக்கு, அங்க தண்ணி 92 டிகிரி சொச்சத்துலயே கொதிச்சிடும், காத்தும் வறண்டு கெடக்கும், மூக்கு அடைச்ச மாதிரி இருக்கும், வாசனை தெரியாது. அதுல ஒரு இன்ஸ்டன்ட் பொடிய கரைச்சு குடுத்தா எப்படி இருக்கும்? ஊட்டில டிகாக்ஷன் காபி நல்லாத்தானே இருக்குன்னு கேக்காதீங்க, அங்க குளிரு, மூடு, பக்கத்துல ஆள்னு எல்லாம் இருக்கு.

வில்லிவாக்கத்தான்

மாமி, ரொம்ப நன்றி, டிக்கெட் பாத்தேன், டி4. நான் டி1னு நெனச்சிட்டு இருந்தேன், நல்லவேளை.

ஃபிளாஸ்க்ல வீட்டு காபி எடுத்துட்டு போனா என்ன? அம்மா அதத்தான் கேக்குறாங்க. அப்புறம் மொளகாப்பொடி ஒரு சின்ன டப்பால தனியா, அண்ணனுக்கும் குடுக்கலாம்னு.

பெட்டி_படுக்கை

ப்ரோ நிறுத்துங்க, மொளகாப்பொடி டப்பா கைப்பைல வேண்டவே வேண்டாம். மிளகாத்தூள் கேபின்ல தடை பண்ண லிஸ்ட்ல இருக்கு (யார் கண்ணுலயாவது தூவிட்டா?), இட்லிப்பொடின்னு நீங்க வெளக்கிட்டு இருக்கும்போது க்யூ நிக்கும். இட்லில தடவிட்டா அது இட்லி, டப்பால இருந்தா அது ஆயுதம், அவ்ளோதான் கணக்கு 😄 அண்ணனுக்கு குடுக்கிறத நல்லா பேக் பண்ணி செக்-இன் பெட்டில போடுங்க. ஊறுகாயும் அதே பெட்டிலதான்.

இன்னொண்ணு, குழந்தைய பாக்கப் போறாங்க, அம்மா நிச்சயம் தேங்காய் எடுத்து வெப்பாங்க. கொப்பரை, காஞ்ச தேங்காய் ரெண்டு பக்கமும் ஆகாது, எண்ணெய் இருக்கிறதால தானா சூடேறி தீப்பிடிக்கிற சாமான்ங்கிற வகைல வருது. சபரிமலைக்கு இருமுடி கட்டிட்டு போறவங்களுக்கு 2024 சீசன்ல தனியா சலுகை குடுத்தாங்க, அது வேற கதை.

ஃபிளாஸ்க் பத்தி. உள்நாட்டு ஃபிளைட்ல தண்ணி பாட்டில் எனக்கு பெரும்பாலும் விட்டிருக்காங்க, ஆனா சூடா இருக்கிற ஃபிளாஸ்க்னா திறந்து காட்டு, ஒரு வாய் குடிச்சு காட்டுன்னு சொன்னாங்க, ஒரு தடவ வேணாம்னே சொல்லிட்டாங்க. அங்க நிக்கிற ஆபீசர் முடிவுதான் கடைசி முடிவு. வெளிநாட்டு ஃபிளைட்னா பேச்சே இல்ல, 100 மில்லிக்கு மேல திரவம் எதுவும் போகாது. நான் என்ன பண்ணுவேன்னா, கார்லயே குடிக்க வெச்சிடுவேன். வில்லிவாக்கத்துலேர்ந்து அந்த நேரத்துல ரோடு காலி, நிதானமா குடிக்கலாம். ஃபிளாஸ்க்க காலியா உள்ள எடுத்துட்டு போங்க, குடிநீர் குழாய்ல தண்ணி பிடிச்சுக்கலாம்.

நைட்_ஷிப்ட்

காபிக்காக ஃபிளைட்ட விட்டவன் பேசுறேன், கேட்டுக்கோங்க.

ஒரு பெரிய ஏர்போர்ட், பேர் வேணாம். ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு நேரா வந்தேன், கண்ணு எரியுது, செக்யூரிட்டிலாம் முடிச்சாச்சு, இன்னும் 50 நிமிஷம் இருக்குன்னு காபி கடைல நின்னேன். என் முன்னாடி எட்டு பேர் தான். ஆனா அந்த எட்டு பேரும் ஒரே கம்பெனி, ஒருத்தன் பில்ல ஒருத்தன் பிரிச்சு கட்டுறான், சாண்ட்விச்ச சூடு பண்ணு, அதுல மயோனைஸ் வேணாம், கார்டு வேல செய்யல, இன்னொரு கார்டு. காபி கைல வரும்போது 25 நிமிஷம் போயிருந்துச்சு. அது சைலன்ட் ஏர்போர்ட், ஊர் பேர் சொல்லி கூப்பிட மாட்டாங்க, போர்டுல மட்டும் தான் வரும். அதோட கேட்ட மாத்திட்டாங்க, மாத்தினது எனக்கு தெரியாது, நான் பழைய கேட் எதிர்ல உக்காந்து ஜம்முனு குடிச்சிட்டு இருக்கேன், சுத்தி ஆள் கம்மியா இருக்கேன்னு கூட தோணல, நிம்மதியா இருக்குன்னு நெனச்சேன். போய் நின்னப்ப கதவு சாத்தி நாலு நிமிஷம். விமானம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிக்குது, நான் இந்தப்பக்கம் நிக்கிறேன், கைல காபி. அடுத்த ஃபிளைட்டுக்கு குடுத்த காசையும் சேத்தா நான் குடிச்சதிலேயே விலை ஒசந்த காபி அதுதான்.

அதனால க்யூல ஏழெட்டு பேர் இருந்தாலே நிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி இன்னொரு கடை இருக்கும், பெரும்பாலும் நுழைஞ்சதும் மொதல்ல கண்ணுல படுற கடைலதான் கூட்டம், உள்ள போகப் போக காலியா இருக்கும். ஒருத்தர் அம்மாகூட உக்காருங்க... சரி நீங்க ஒருத்தர்தான்ல, அப்போ அம்மாவ கேட் போர்டு தெரியுற எடத்துல உக்கார வெச்சிட்டு போங்க, உங்க செல்போன அவங்ககிட்ட குடுத்துட்டு போயிடாதீங்க.

கார்டு கணேசு

ஏர்போர்ட் லவுன்ஜ்ங்கிற ஓய்வறைக்கு போங்களேன், பேங்க் கார்டு இருந்தா சும்மா. இட்லி பொங்கல் காபி எல்லாம் உள்ளயே இருக்கும், அம்மா வசதியா உக்காரலாம்.

டிகாக்ஷன் தாசன்

கணேசு, சும்மான்னு சொல்லாதீங்க. முன்னாடி மாதிரி இல்ல, இப்போ நிறைய பேங்க்ல அதுக்கு முந்தின மூணு மாசத்துல இவ்வளவு செலவு பண்ணிருந்தாத்தான்னு வெச்சிருக்காங்க, கார்டுதாரருக்கு மட்டும்தான், கூட வர்றவங்களுக்கு தனிக் காசு. அவர் உள்ள போய் அம்மா வெளிய நின்னா நல்லாவா இருக்கும்? அம்மா பேர்லயே ஒரு கார்டு இருந்து அதுல செல்லும்னா சரி. அதோட காலைல 4:30 மணி லவுன்ஜ் வாசல் க்யூவ பாத்திருக்கீங்களா, ரேஷன் கடை தோத்துது. போறதா இருந்தா முந்தின நாளே பேங்க் ஆப்ல செல்லுமான்னு பாத்துட்டு போங்க.

பீளமேடு பழனி

விலை பத்தி யாரும் பேசல, நான் பேசறனுங்க. காபி 200ன்னா அந்தக் கடைக்காரர் மட்டும் கொள்ளையடிக்கிறார்னு இல்லைங்க. ஏர்போர்ட்ல கடை எடுக்கறவங்க பொதுவா மாசா மாசம் ஒரு குறைஞ்சபட்ச தொகை, இல்லேன்னா வித்ததுல ஒரு பங்கு, இதுல எது அதிகமோ அத கட்டோணும். ஆளுங்களுக்கு பாஸ், மூணு ஷிப்ட், பால் உள்ள வர்றதுக்கே செக்கிங். எல்லாம் சேந்து நம்ம கப்புல வந்து உக்காருதுங்க.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பாக்கெட்ல அடைச்ச பொருள், அதே தண்ணி பாட்டில் அதே பிஸ்கட், வெளிய ஒரு எம்ஆர்பி உள்ள ஒரு எம்ஆர்பின்னு ரெண்டு விலை அடிக்கக் கூடாதுன்னு 2018 ஜனவரிலேர்ந்து விதி இருக்குதுங்க. கவுன்ட்டர்ல வாங்கினா பாட்டில்ல போட்டதத்தான் குடுக்கோணும். உக்கார வெச்சு பரிமாறுற ஹோட்டல் வேற, அவங்க எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால பிஸ்கட் பாக்கெட் வாங்கறீங்கன்னா லேபிள பாத்து வாங்குங்க.

இன்னும் ஒண்ணு, உடான் யாத்ரி கஃபேன்னு அரசாங்கமே தொறந்திருக்காங்க. மொதல்ல 2024 டிசம்பர்ல கொல்கத்தால, அந்த ஏர்போர்ட்டோட நூற்றாண்டு சமயத்துல, அப்புறம் 2025 பிப்ரவரில நம்ம சென்னைல. தண்ணி 10, டீ 10, காபி 20, சமோசா 20, ஸ்வீட் 20ன்னு விலை வெச்சு ஆரம்பிச்சாங்க. பார்லிமென்ட்ல ஒரு எம்பி ஏர்போர்ட் டீ விலைய பத்தி பேசினதுக்கப்புறம் வந்ததுங்க. சென்னைல டி1ல தான் தொறந்தாங்க, உங்களுக்கு டி4 அமைஞ்சிருச்சு, என்ன பண்றதுங்க. திரும்பி வரும்போது கொல்கத்தால குடிச்சுக்கோங்க.

நங்கநல்லூர் மாமி

பழனி சார் நல்ல தகவல். ஃபிளைட் லேட்டானா என்ன பண்றதுன்னும் சொல்லிடறேன், சுகர்காராளுக்கு அதுதான் பயம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்னா ஏர்லைன்காராளே காபியோ டீயோ ஏதாவது கொறிக்கவும் தரணும், நாலு மணி நேரத்த தாண்டினா சாப்பாடு. தானா கூப்பிட்டு குடுக்கல்லன்னா கேட் கவுன்ட்டர்ல போய் கேளுங்கோ, வெக்கப்படாதீங்கோ. அதுக்காக அத நம்பிண்டு போகாம ரெண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் பைல இருக்கட்டும்.

ஈசூன் குமார்

சிங்கப்பூர்லேர்ந்து ஒரு தகவல், இந்த பயணத்துக்கு இல்ல, படிக்கிற மத்தவங்களுக்கு. மேல மாமி சொன்ன "செக்யூரிட்டிக்கு அப்புறம் காபி" இங்க சாங்கி ஏர்போர்ட்ல அப்படியே செல்லாது. இங்க டெர்மினல் 1, 2, 3ல செக்யூரிட்டி சோதனை கேட்டு வாசல்லதான். இமிகிரேஷன் தாண்டினதும் வாங்கின கோப்பிய கேட்டுக்கு எடுத்துட்டு போனா அங்க கொட்டச் சொல்லிடுவாங்க. டெர்மினல் 4 மட்டும் எல்லாருக்கும் சேத்து ஒரே எடத்துல சோதனை. எங்க அப்பா மொத தடவ ஊருக்கு திரும்பினப்ப சூடான கோப்பி-ஓவ (பால் இல்லாத காபி) முழுசா கைல வெச்சிட்டு கேட்டுல நின்னு ஒரே மூச்சுல குடிச்சாரு, பாக்க பாவமா இருந்துச்சு.

வில்லிவாக்கத்தான்

போயிட்டு வந்தாச்சு, லேட்டா எழுதுறேன், மன்னிக்கணும்.

கார்ல ஃபிளாஸ்க் காபி அரை டம்ளர் குடிச்சாங்க, அத காபின்னு ஒத்துக்கல, "தொண்டைய நனைச்சேன்"னு தான் சொன்னாங்க. 4:05க்கு டி4 வாசல், 4:50க்கு செக்யூரிட்டி முடிஞ்சுது. இட்லிய யாரும் ஒண்ணும் கேக்கல, ஸ்கேன்ல வாழையில கட்ட பாத்துட்டு அந்த அம்மா ஆபீசர் சிரிச்சாங்க. பொடி டப்பா பெட்டில பத்திரமா போச்சு. கேட் பக்கத்துல இட்லி, மாத்திரை எல்லாம் முடிச்சிட்டு நான் போய் டிகாக்ஷன் கலக்குற கடைல ஒரே ஒரு சின்ன காபி சர்க்கரை இல்லாம வாங்கிட்டு வந்தேன். க்யூல ஆறு பேர், நைட்_ஷிப்ட் சொன்ன கணக்குல பாஸ். விலைய கேட்டாங்க, 60 ரூபான்னு சொல்லிட்டேன், அதுக்கே "என்னடா இது"ன்னாங்க. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.

நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. பேப்பர் கப்ப கைல குடுத்ததும் வாங்கல, கைப்பைய தொறந்து ஒரு டவரா டம்ளர எடுத்தாங்க. எவர்சில்வர், வீட்லேர்ந்து. எப்போ வெச்சாங்கன்னே தெரியல. அங்க கேட் 7 எதிர்ல உக்காந்து அந்தக் காபிய ஊத்தி ரெண்டு ஆத்து ஆத்தினாங்க பாருங்க, பக்கத்து சீட்ல லேப்டாப் வெச்சிட்டு இருந்தவர் எழுந்து எடம் மாறிட்டார். இன்னொரு அம்மா மட்டும் "எங்க வாங்கினீங்க டவரா"ன்னு ஹிந்தில கேட்டாங்க.

திரும்பி வரும்போது கொல்கத்தால பழனி அண்ணன் சொன்ன கஃபேல குடிச்சோம், 20 ரூபாதான். காபி சுமார், விலை பிரமாதம்னு அம்மா தீர்ப்பு. ஆனா அங்க பேப்பர் கப்புலதான் குடிக்க வேண்டியதாப் போச்சு, ஏன்னா டவராவ அண்ணன் வீட்லயே மறந்து வெச்சிட்டு வந்துட்டாங்க. அது செட்டு டவராவாம், பாட்டி குடுத்ததாம், நேத்துலேர்ந்து ஒரே பேச்சு. யாராவது இந்த மாசம் கொல்கத்தாலேர்ந்து சென்னை வர்றீங்களா?